அண்ணன் தங்கிவிட்ட வருடம்

தள்ளுவண்டியில் கத்திரிக்காய் பொறுக்கும் பெண்கள் பூச்சி ஓட்டை இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். எங்கள் அண்ணி காம்பைப் பார்ப்பார். காயை உள்ளங்கையில் படுக்கவைத்து, கண்ணுக்கு நேரே தூக்கி, காம்பு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வேங்கிக்காலில் எங்கள் தெருவுக்கு வரும் வண்டிக்காரர் முதல் வருடம் பொறுமையாக நின்றார். அடுத்த வருடம் அவருக்குத் தாங்கவில்லை. "இன்னா மேடம், பொண்ணு பார்க்கிறாப்ல பார்க்கிறீங்க? கொழம்புலதானே போடப் போறீங்க" என்று கேட்டுவிட்டார். அண்ணி சிரிக்காமல், "கொழம்பு இல்லீங்க, மாடு" என்றார். வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். ஜப்பான்காரி அண்ணியாக வாய்த்த வீட்டில் இப்படி அடிக்கடி வேறு பக்கம் பார்க்கவேண்டி வரும்.

ஆடி முடிகிற சமயத்தில், சுதந்திர தினத்துக்கு முன்னும் பின்னுமாக, அண்ணியின் ஊரில் ஓபோன் என்று ஒரு பண்டிகை. இறந்துபோனவர்கள் அன்று வீட்டுக்கு வருவார்கள். வந்து மூன்று நாள் தங்கி, வீட்டில் சமைத்ததைச் சாப்பிட்டு, பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். வருவதற்கு வெள்ளரிக்காயில் ஒரு குதிரை செய்து வைப்பார்கள், சீக்கிரம் வந்து சேரட்டும் என்று. போவதற்குக் கத்திரிக்காயில் ஒரு மாடு, அவசரப்படாமல் மெதுவாகப் போகட்டும் என்று. இரண்டுக்கும் கால்கள் குச்சியில். வளைந்த காம்புதான் மாட்டுக்குத் தலை. அதனால்தான் அண்ணிக்குக் காம்பு முக்கியம்.

அண்ணன் செங்கம் சாலையில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தான். திருவண்ணாமலை தனி மாவட்டமாகி, ஊரெல்லாம் புதுப் பெயர்ப் பலகைகள் மாட்டிக்கொண்டிருந்த சமயம். ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள்தான் கடைக்கு வாடிக்கை. அவர்களில் ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டே சைக்கிள் ஓட்டும் ஜப்பான் பெண் ஒருத்தி இருந்தாள். அவள் எடுத்துப் போகும் சைக்கிளில் தினமும் ஏதாவது கோளாறு. பெல் அடிக்கவில்லை, பிரேக் பிடிக்கவில்லை, சீட் ஆடுகிறது. கோளாறு சைக்கிளில் இல்லை என்பது பக்கத்து டீக்கடைக்காரருக்குத் தெரிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அப்பா தாலுகா ஆபீசில் இருந்தவர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்களின் வரப்புத் தகராறுகளையெல்லாம் உட்காரவைத்துப் பேசித் தீர்ப்பவர், சொந்த வீட்டு வழக்கில் வாயே திறக்கவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பர் படித்தார். அம்மாதான் முதலில் இறங்கிவந்தாள். ஒரு பௌர்ணமிக்குக் கிரிவலம் போனபோது, செருப்பில்லாமல் கூடவே நடந்துவந்த அந்தப் பெண்ணின் பாதமெல்லாம் கொப்புளமாக இருந்ததைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு இழுத்துவந்து உட்காரவைத்து விளக்கெண்ணெய் தடவினாள். அப்பா என்னவோ சொல்ல வாயெடுத்தபோது, "காலைத் தொட்டு எண்ணெய் தடவியாச்சு, இனிமே இன்னா பஞ்சாயத்து வேண்டிக்கிடக்குது" என்று முடித்துவிட்டாள்.

அண்ணி சின்ன வயதிலேயே தாயை இழந்தவர். கல்யாணமாகி வந்த முதல் ஆகஸ்டில், தயங்கித் தயங்கி, எங்கள் வாசலில் தன் அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ளலாமா என்று அம்மாவிடம் கேட்டார். அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. செத்தவர்களுக்குச் செய்வது எங்களுக்குப் புதிதில்லை. அமாவாசைக்கும் திவசத்துக்கும் இலை போட்டுப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்போம். அவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் இது வேறு. "நம்ம ஆளுங்க வந்தா சாப்ட்டுட்டு கெளம்பிடுவாங்க. ஒங்க ஆளுங்க மூணு நாளு தங்குவாங்களா?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். சம்பந்தி வீட்டார் பெட்டியோடு வந்து இறங்குவதுபோல அவளுக்குக் கவலை. கடைசியில், பெண்ணைக் கட்டிக்கொடுத்த இடத்தைத் தாய் வந்து பார்க்காவிட்டால் எப்படி என்று தானே ஒரு நியாயம் கண்டுபிடித்து ஒப்புக்கொண்டாள். மாட்டின் கால்களுக்கு ஈர்க்குச்சி வேண்டும் என்றதும், பெருக்குகிற விளக்குமாற்றில் கை வைக்கக்கூடாது என்று புது விளக்குமாறு ஒன்று வாங்கிவரச் செய்தாள். வாசலில் கொளுத்துவதற்கு அங்கே ஏதோ ஒரு செடியின் தண்டாம். அது இங்கே கிடைக்காததால் அண்ணன் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் எங்கள் நிலத்திலிருந்து காய்ந்த எள்ளுத் தண்டைக் கட்டாகக் கொண்டுவந்தான். எள் என்றால் பித்ருக்களுக்கு உகந்தது, எந்த ஊர்ப் பித்ருவாக இருந்தால் என்ன என்றான்.

அந்த வருடங்களில் ஓபோன் எங்கள் வீட்டில் கலகலப்பான பண்டிகை. அந்தி நேரத்தில் வாசலில் மண்சட்டியில் எள்ளுத் தண்டைக் கொளுத்துவோம். முன்னறையில் பலகைமேல் பாயை விரித்து, பூக்கடையில் கேட்டு வாங்கிய தாமரை இலையில், பொடிப் பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காயும் அரிசியும் வைத்துத் தண்ணீர் தெளிப்பார் அண்ணி. அம்மா தன் பங்குக்கு வடை சுட்டு வைப்பாள். காரம் கம்மியாகப் போட்டது. ஜப்பான் சம்பந்தியம்மாவுக்கு நாக்கு பொறுக்காதாம். அண்ணன் குதிரையையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "குதிரை எதுக்கு, மாடு எதுக்கு? என் கடையில சொல்லியிருந்தா ஒரு சைக்கிள் அனுப்பியிருப்பேனே. போக வர ஒரே வாடகை" என்பான். அண்ணி அவன் தலையில் ஈர்க்குச்சியால் ஒரு போடு போடுவார். பெண் குழந்தை பிறந்து அது தவழ ஆரம்பித்த வருடம், குதிரையின் வாலைக் கடித்துத் தின்றுவிட்டது. அப்பாவும் மெல்ல மெல்ல வழிக்கு வந்து, அந்த மூன்று நாளும் முன்னறையில் சட்டை போட்டுக்கொண்டுதான் உட்காருவார்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம், ஒரு பங்குனி மாதத்தில், வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்த அண்ணன் மீது லாரி மோதியது. அதற்குமேல் அந்த நாளைப்பற்றி எழுத எனக்கு மனமில்லை. ஆண் பிள்ளை இல்லாததால் பங்காளி வீட்டுப் பையன் கொள்ளி வைத்தான். கருமாதி அன்று தாலி வாங்குவதற்காகச் சொந்தக்காரப் பெண்கள் அண்ணியைச் சூழ்ந்தபோது அம்மா நடுவில் வந்து நின்றாள். "அது கழுத்துல எவளாவது கை வெச்சீங்கன்னா எனக்கு நல்லா வாயில வரும்" என்றாள். கூட்டம் விலகியது. அண்ணியைப் பிடிக்காத மாமியார் என்று யாராவது அம்மாவை நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். பின்னால் நடந்தது எதுவும் பிடிக்காததால் நடந்ததில்லை.

ஆடி பிறந்ததும் ஒருநாள் சாப்பிட்டு முடித்த பிறகு அண்ணி பேச்சை எடுத்தார். குழந்தையோடு ஜப்பானுக்கே போய்விடலாம் என்று நினைப்பதாகச் சொன்னார். அவருடைய அப்பாவுக்கு வயதாகிவிட்டது, தம்பி வேலைக்காக வேறு ஊரில் இருக்கிறான், கிழவர் தனியாக இருக்கிறார். இங்கே சைக்கிள் கடையும் மூடியாயிற்று. அண்ணியின் தமிழில் இதெல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்களாக வந்தன. கடைசியில், "ஓபோன் முடிஞ்சு போறோம், அத்தை. அவரை நல்லபடியா அனுப்பிட்டு" என்றார். அப்பா தலையை ஆட்டினார். அவருக்கு வருத்தம்தான், ஆனால் நியாயம் என்று பட்டால் மறுக்கத் தெரியாத மனிதர். அம்மா தன் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தாள்.

அந்த ஓபோனுக்கு அம்மா செய்த ஏற்பாட்டைப் பார்த்து எல்லாரும் அசந்துபோனோம். இறந்தவருக்கு முதல் ஓபோன் என்றால் வெள்ளை விளக்கு ஒன்று தொங்கவிட வேண்டுமாம், வழி பழகாதவர் தடுமாறாமல் வர. அண்ணி காகிதத்தில் செய்தார். அம்மா அதற்குப் பசை காய்ச்சிக் கொடுத்தாள். கிராமத்து ஜனங்கள் வந்து, செத்தவனைக் கூப்பிடுவது குடும்பத்துக்கு ஆகாது என்று சொன்னபோது, "எம்புள்ள எவனுக்கு இன்னா கெடுதல் பண்ணான், அவன் வந்தா ஆவாதுன்றதுக்கு?" என்று விரட்டினாள். அந்தியில் அண்ணி எள்ளுத் தண்டைப் பற்றவைத்ததும், தெருவே பார்க்க, அம்மா வாசலில் நின்று, "வாடா, வா. வெள்ளை விளக்கு தெரியுது பாரு, நம்ம வூடுதான்" என்று அண்ணன் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அவன் வந்துவிட்டான் என்று ஒரு கணம் நானும் நம்பினேன். மறைப்பானேன், சந்தோஷமாகவே இருந்தது.

அவன் தங்கியிருந்த அந்த நாட்களில் அம்மா அவனிடம் பேசிக்கொண்டே இருந்தாள். மோட்டார் பழுதானது, பசு கன்று போட்டது, குழந்தை கணக்கில் நல்ல மார்க் வாங்கியது எல்லாம். அண்ணியும் அவர் மொழியில் மெதுவாக ஏதோ சொல்லுவார். அப்போது அம்மா, புரியாவிட்டாலும், அவர்களைத் தனியாக விட்டுவிட்டு எழுந்து போவாள். அனுப்பிவைக்க வேண்டிய நாளும் வந்தது. மாலையில் வாசலில் மறுபடி நெருப்பு கொளுத்தினால் அவன் மாடேறிப் புறப்பட வேண்டும். அண்ணி அன்று காலையிலேயே குழந்தையின் டி.சி. வாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். நான் அப்போது ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது தெருவிலேயே எண்ணெயில் கத்திரிக்காய் வதங்கும் வாசனை. அடுப்பு மேடையில் நாலு ஈர்க்குச்சி கழுவி ஓரமாக வைத்திருந்தது. முன்னறைக்கு ஓடிப் பார்த்தேன். தாமரை இலைக்குப் பக்கத்தில் குதிரை மட்டும் நின்றது.

"அம்மா, அது மாடும்மா" என்றேன்.

"தெரியும்."

"தெரிஞ்சேவா அரிஞ்சே?"

"எண்ணெய்க் கத்திரிக்கான்னா உசுர வுடுவான். வந்து மூணு நாளாவுது, ஒரு வேளையாவது செஞ்சு போட்டனா?"

மேடைக்குக் கீழே கூடை நிறையக் கத்திரிக்காய் இருந்தது. எல்லாம் காலையில் வாங்கியது. நான் அதைப் பார்த்ததை அம்மாவும் பார்த்தாள். பிறகு திரும்பிக் குழம்பைக் கிண்ட ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணி வந்தபோது அண்ணனுக்கு இலை போட்டிருந்தது. சோற்றின் ஓரத்தில் குழம்பு, அதில் நாலாகக் கீறிய காய், காம்போடு. அண்ணி பலகையைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். கத்தவில்லை. அவர் ஊரில் கத்த மாட்டார்கள் போலிருக்கிறது. அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, "அத்தை, அவர் எப்படிப் போவார்?" என்று கேட்டார்.

"எதுக்குப் போவணும்? இது அவன் வூடு. பொண்டாட்டி புள்ள இருக்கிற எடத்துல இருக்கட்டுமே."

அப்பா அதட்டினார். தெரியாமல் செய்துவிட்டாள் அம்மா என்று அண்ணியிடம் சமாதானமும் சொன்னார். அம்மா உடனே, "நான் தெரிஞ்சுதான் செஞ்சேன்" என்றாள். பிறகு கிணற்றடியில் அண்ணி முகம் கழுவிக்கொண்டிருந்தபோது நான் கிட்டே போய், கூடையில் காய் இருக்கிறது, இன்னொரு மாடு செய்துவிடலாம், அம்மா கிடக்கிறாள் என்றேன். அண்ணி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செய்யலாம். ஆனா பெத்த அம்மா இருன்னு சொல்லிட்டாங்க. அவர் கேட்டுட்டார். இனிமே பொண்டாட்டி எப்படிப் போன்னு சொல்றது?" என்றார். அன்று மாலை வாசலில் நெருப்பு எரியவில்லை. அண்ணி பயணத்தை நிறுத்திவிட்டார். அவனை வீட்டில் வைத்துவிட்டுத் தான் மட்டும் புறப்படுவது அவரால் ஆகாத காரியம். அடுத்த வாரம் குழந்தை மறுபடி அதே பள்ளிக்கூடத்துக்குப் போனது.

அம்மா பெரிய கெட்டிக்காரி. அண்ணியை நிறுத்த எங்களிடம் இருந்த எந்தச் சாமியாலும் முடியாது என்று தெரிந்து, அண்ணியின் நம்பிக்கையையே எடுத்து அவர் காலைக் கட்டினாள். எனக்கு அன்று அம்மா மேல் அப்படி ஒரு கோபம். ஆனால் வெறும் தந்திரம் என்று சொன்னாலும் தப்பு. அவன் வீட்டில் இருக்கிறான் என்று அம்மா நிஜமாகவே நம்பினாள். அடுத்த ஒரு வருடம் அதை நாங்கள் எல்லாரும் அனுபவித்தோம்.

அவன் அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டே இருந்தது. வேளாவேளைக்கு அவனுக்கு இலை விழுந்தது. அவன் நாற்காலியில் அப்பா ஒரு தடவை தெரியாமல் உட்கார்ந்ததற்கு அம்மா இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. கார்த்திகை தீபத்தன்று ஊரே மலையைப் பார்த்துக் கைகூப்பிக்கொண்டிருந்தபோது, அம்மா உள்ளே ஓடி அவன் அறையின் ஜன்னலை இழுத்துச் சாத்தினாள். அண்ணி எப்போதோ சொல்லியிருந்தார், அவர்கள் ஊரில் ஓபோன் முடிவில் மலைமேலும் நெருப்பு மூட்டுவார்கள், போகிறவர்களுக்கு வழி தெரிவதற்காக என்று. மலைத் தீபத்தைப் பார்த்துவிட்டு, தன்னைத்தான் போகச் சொல்கிறார்கள் என்று அவன் புறப்பட்டுவிடுவானோ என்று அம்மாவுக்குப் பயம். தீபம் எரிந்த நாட்களெல்லாம் அந்த ஜன்னல் திறக்கவில்லை. திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவள் தீபத்துக்குக் கதவடைத்தாள் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, புழுக்கம் இல்லை, பனி என்று சொல்லிச் சமாளித்தேன்.

பெரியவர்கள் சமாளித்துவிடுவோம். குழந்தைதான் பாவம். பிஸ்கட் கொடுத்தால் பாதியை உடைத்து அந்த நாற்காலியில் வைத்தது. அறைக்குள் போகும் முன் கதவைத் தட்டியது. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த டீச்சர், அப்பா என்ன செய்கிறார் என்று ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டிருக்கிறார். இது எழுந்து, "எங்கப்பா வீட்ல இருக்கார். வெளியே வர மாட்டார்" என்றதாம். டீச்சர் உடம்பு சரியில்லாதவர் என்று நினைத்து அண்ணியிடம் விசாரித்திருக்கிறார். அதை எங்களிடம் சொல்லும்போது அண்ணியின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வருடம் அவர் இளைத்துக்கொண்டே போனார். குடை இல்லாமல் வெயிலில் நடந்தார். எதற்காகவோ காத்திருப்பவர்போல வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். விதவைக்கு ஒரு துக்கம், மனைவிக்கு ஒரு சுகம். அவருக்கு இரண்டும் இல்லாமல் போயிற்று.

மாசி மாதத்தில் ஜப்பானிலிருந்து தம்பி போன் செய்தான். அப்பாவுக்கு முடியவில்லை, நாள் கணக்குத்தான். ரிசீவரை வைத்துவிட்டு அண்ணி விஷயத்தைச் சொன்னதும், அம்மா பதறிப்போய், "ஒடனே கெளம்பும்மா. பெத்த அப்பன் மூஞ்சியப் பார்க்க வேணாமா? புள்ளைய நான் பார்த்துக்கிறேன்" என்றாள். அண்ணி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர் வீட்ல இருக்காரே, அத்தை. அவரை விட்டுட்டு எப்படிப் போறது? நாம இருக்கச் சொல்லிட்டு நான் போனா தப்பு இல்லையா?" என்றார். குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டியிருந்தால் அம்மா பதிலுக்கு நாலு வார்த்தை பேசித் தப்பித்திருப்பாள். அண்ணி நிஜமாகவே கேட்டார். அந்த வாரமே கிழவர் இறந்துபோனார். சேதி வந்த அன்று அண்ணி பின்கட்டில் துணி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்து பொழுது சாயும்வரை அழுதார். அம்மா சமையலறை வாசலில் நின்றாள். கிட்டே போகவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு இலை போடும்போது அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒருநாள் அப்பாவிடம், "நான் அவளோட அப்பனைக்கூட பார்க்க வுடாம பண்ணிட்டேங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

ஆடி வந்தது. தள்ளுவண்டிக்குக் காத்திராமல் அம்மா பஸ் ஏறி டவுனுக்கே போய், மார்க்கெட்டெல்லாம் சுற்றி, பையில் ஒரே ஒரு கத்திரிக்காயோடு வந்தாள். காம்பு நன்றாக வளைந்து, தலை நிமிர்ந்த காய். அண்ணியின் முன்னால் வைத்தாள். அண்ணி பையைப் பார்த்து, "வெள்ளரிக்காய்?" என்றார்.

"அது எதுக்கு? அவன் இங்கதானே இருக்கிறான். போறதுக்கு மட்டும் செய்ம்மா." கொஞ்சம் பொறுத்து, "ஒங்க அப்பாவுக்கு வேணும்னா சொல்லு, திரும்பப் போயி வாங்கியாறேன்" என்றாள்.

"அப்பாவை அங்க தம்பி கூப்பிடுவான்" என்றார் அண்ணி.

அனுப்பும் நாள்வரை அம்மா விதவிதமாகச் சமைத்தாள். எண்ணெய்க் கத்திரிக்காய் மட்டும் செய்யவில்லை. ஈர்க்குச்சிகளை அவளே சீவி, மாட்டுக்குக் கால் குத்தினாள். முன்னங்கால் குட்டையாகப்போய் மாடு முன்பக்கம் கவிழ்ந்தது. பிடுங்கிவிட்டு வேறு குத்தினாள். "இது மெதுவாத்தானே போவும்?" என்று அண்ணியைக் கேட்டாள். "ரொம்ப மெதுவா, அத்தை" என்றார் அண்ணி. அந்தியில் வாசலில் சட்டியை வைத்து எள்ளுத் தண்டை அடுக்கினோம். அண்ணி தீப்பெட்டியை அம்மாவிடம் நீட்டினார். இருக்கச் சொன்னவர்தானே அனுப்பவும் வேண்டும். இரண்டு குச்சி வீணானது. மூன்றாவது பற்றியது. எள்ளுத் தண்டு எப்போதும் சடசடவென்று எரிந்து சீக்கிரம் அடங்கிவிடும். அது எரிகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லியாக வேண்டும். நெருப்பு தணிகிற சமயத்தில்தான் அம்மா, "போயிட்டு வாடா. நான் பேசுனது எதையும் மனசுல வெச்சுக்காத" என்றாள். குழந்தை புகைக்குக் கை ஆட்டியது. அப்பா சட்டியில் தண்ணீர் ஊற்றினார். அம்மா நேரே அவன் அறைக்குப் போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்தாள்.

சில வாரங்களில் அண்ணியும் குழந்தையும் புறப்பட்டார்கள். சென்னை விமான நிலையத்துக்கு வேன் வந்து நின்றபோது அம்மா பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, வடகம் என்று ஒரு பை நிறையத் திணித்தாள். அண்ணி அம்மாவின் காலில் விழுந்தார். இருவரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளவில்லை. வேன் திரும்பி மறைந்த பிறகும் அம்மா தெருவிலேயே நின்றிருந்தாள். உள்ளே கூப்பிட எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. எனக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன். அப்பாவுக்கு முன்போல நடமாட்டம் இல்லை. அண்ணி மாதம் தவறாமல் போன் செய்வார். குழந்தை இப்போது என் உயரம் இருக்கிறாளாம், தமிழ் கொஞ்சம் தடுமாறுகிறதாம். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அங்கே அவள்தான் வாசலில் அப்பாவுக்கு நெருப்பு மூட்டுகிறாள். போன வருடம் அண்ணி என்னிடம் சொன்னார், "அத்தையும் அங்க ஏத்தலாம். அவர் ரெண்டு வீட்டுக்கும் வருவார்னு சொல்லுங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்." அம்மாவுக்கு இது சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். எள்ளுத் தண்டுக்கும் சொல்லிவைத்து, ஓபோன் தொடங்கும் நாள் அந்தியில் கட்டோடு அம்மா வீட்டுக்குப் போனேன்.

தெருவில் எல்லார் வீட்டிலும் விளக்கு எரிந்தது. எங்கள் வீட்டு வாசல் மட்டும் இருட்டாக இருந்தது. மின்சாரம் போகவில்லை. அம்மா இருட்டில் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். விளக்கைப் போடப் போன என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அண்ணி சொன்னதை அப்படியே சொன்னேன். அவன் இரண்டு வீட்டுக்கும் வருவான் என்றேன். இதோ தண்டுகூடக் கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். அம்மா கட்டை வாங்கித் தனக்குப் பின்னால், சுவரோரமாக வைத்தாள்.

"அவ நல்ல மனசு, சொல்லுவா. எனக்கு எம்புள்ளையத் தெரியாதா? நான் கூப்ட்டன்னா, ஏன், இங்க வெளக்கு தெரிஞ்சாலே, மொதல்ல இங்கதான்டி ஓடியாருவான். அங்க எம்பேத்தி நெருப்பைப் பார்த்துக்குனு வாசல்லியே நின்னுக்குனு இருக்கும்."